மதினி கலுங்கு பார்த்துவிட்டு வந்த நாள்

எங்கள் தெருவில் மொத்தம் எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் சேர்த்து யோசிக்கிற வேலையை மதினி ஒருத்தியே பார்த்தாள். யாரும் அவளிடம் அதைக் கொடுக்கவில்லை. அவளாக எடுத்துக்கொண்டாள், நாங்களும் விட்டது தொல்லை என்று இருந்துவிட்டோம். இன்றைக்கு என்ன குழம்பு என்பதிலிருந்து எந்த டாக்டரிடம் போகலாம் என்பது வரைக்கும் மதினியைக் கேட்டால் போதும். கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

ராஜபாளையத்தில் ஒரு கண்மாய்க் கரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது அந்தத் தெரு. எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து கல்யாணமாகி அங்கே வந்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு மில்லில் கார்டிங் மிஷினில் வேலை. மதினி வீடும் எங்கள் வீடும் ஒட்டு வீடு, நடுவில் ஒரே சுவர். சொந்தம் என்று பார்த்தால் ஒரு மண்ணும் கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் அவளை மதினி என்று கூப்பிட்டார். அப்படியானால் எனக்கு அக்கா முறை வர வேண்டும். தெருவே மதினி என்று கூப்பிடும்போது நான் மட்டும் என்னத்த முறை பார்ப்பது என்று எனக்கும் மதினி ஆகிவிட்டாள். என் மகளுக்கு மட்டும் பெரியம்மா.

நேரில் "வாங்க மதினி, சொல்லுங்க மதினி" என்றுதான் பேசுவேன். இப்போது சொல்ல உட்கார்ந்தால் அவள் இவள் என்றுதான் வாயில் வருகிறது. வரட்டும், அதற்கு நான் பொறுப்பில்லை.

வந்த நாலாம் நாள் காலையில் சட்டியில் அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்தேன். பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். சட்டிக்குள் கையை விட்டு ஒரு குத்து அரிசியை அள்ளித் திரும்ப டப்பாவில் போட்டாள்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு இம்புட்டு? அவன் மில்லு கேன்டீன்ல வடையத் தின்னுட்டு வருவான். இது போதும்" என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் புருஷன் வயிறு எனக்குத் தெரியாதா, இவள் யார் அளந்து சொல்ல என்று இருந்தது. சாயங்காலம் பார்த்தால் சோறு ஒரு பருக்கை மிஞ்சவுமில்லை, குறையவுமில்லை. மறுநாளிலிருந்து நானே பின்வாசலைப் பார்த்துவிட்டுத்தான் அரிசி போட்டேன்.

அவள் புருஷன் லாரி டிரைவர். லைனில் போனால் பத்து நாள், பதினைந்து நாள் ஆளைப் பார்க்க முடியாது. ஒரே மகள். அதனால் வீட்டில் அவளுக்கு வேலை குறைவு, தெருவில் அதிகம். காலையில் வாசல் தெளித்ததும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தெருவின் நட்ட நடுவில் நின்று மேற்கே மலையைப் பார்ப்பாள். "வத்தல் போடுறவ போடலாம்" என்பாள். இல்லையென்றால், "இன்னைக்கு யாரும் போர்வையை நனைக்காதீய" என்பாள். முக்கால்வாசி சரியாக இருக்கும். தப்பிப்போனால், "மலைக்கே தெரியலை, எனக்கு எப்படித் தெரியும்" என்று போய்விடுவாள். யாராவது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தால் பக்கத்தில் வந்து முதுகில் ஒரு தட்டு தட்டி, "நான் இருக்கேன்ல, நீ ஏன் மருகுத?" என்று கேட்பாள். அந்த வார்த்தையைக் கேட்டால் பாதி கவலை அப்போதே போய்விடும். பொய் சொல்லக் கூடாது, எனக்குப் போயிருக்கிறது.

நான் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது எட்டாம் மாசக் கடைசியில் அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். பை கட்டியாயிற்று. மதினி வந்து என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். "இந்த வாரம் பஸ்ல ஏறக் கூடாது" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் உடனே பையை அவிழ்த்துவிட்டார். நான் அழுதேன், அவர் அசையவில்லை. அன்றைக்கே, நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்க வேண்டிய நேரம், பகல் பதினொரு மணிக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்த டாக்டரம்மா, கொடி கழுத்தில் சுற்றியிருந்தது, கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை தங்காது என்று சொன்னார்கள். என் மகள் உயிரோடு பிறந்தது மதினியால்தான். இதை நான் மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும்.

அவளுடைய இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எது செய்ய வேண்டும் என்று சொல்வதோடு நிற்க மாட்டாள். யாருக்கு எது தெரிய வேண்டும், எப்போது தெரிய வேண்டும் என்பதையும் அவளே வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் மத்தியானம் மில்லிலிருந்து ஆள் வந்து முதலில் அவளிடம்தான் சொல்லியிருக்கிறான். எங்கள் வீட்டுக்குள் வந்து தட்டை எடுத்து எனக்குச் சோறு போட்டாள். "உங்க வீட்டுக்காரனுக்குக் கையில லேசா சிராய்ப்பாம். தின்னுட்டு வா, போயிப் பாத்துட்டு வருவோம்" என்றாள். நானும் மோர் ஊற்றி நிதானமாகச் சாப்பிட்டேன். வழியில் வெற்றிலை வேறு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தால் வலது கையில் இரண்டு விரல் இல்லை. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். "சொல்லியிருந்தா வெறும் வயித்தோட வந்து இங்க விழுந்திருப்ப. உன்னையத் தூக்கவா, அவனைப் பாக்கவா?" என்றாள். நியாயம்தான் என்று பட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கடைசி வீட்டில் தெலுங்கு பேசுகிற அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் மகனுக்குக் காதுகுத்து. பந்தியில் இலை போட்டிருக்கும் நேரம் தந்தி வந்தது. அந்த அக்காவின் அண்ணன் கோவில்பட்டியில் செத்துப்போனார். தந்தியை வாங்கியது மதினி. மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு பாயசம் பரிமாறினாள். பந்தி முடிந்து பாத்திரம் கழுவிய பிறகுதான் எடுத்துக் கொடுத்தாள். அந்த அக்கா போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. "உனக்கு யாரும்மா இந்த அதிகாரம் கொடுத்தா?" என்று தெருவில் நின்று கேட்டாள். மதினி, "செத்தவன் காத்திருப்பான், போட்ட இலை காத்திருக்காது" என்றாள். அன்றைக்குத் தெருவில் மதினிக்காகப் பரிந்து பேசியவர்களில் நானும் ஒருத்தி. பெரிய வக்கீல் மாதிரி பேசினேன். அந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

என் மகளுக்கு நாலு வயது நடக்கும்போது ஊரெல்லாம் மணல்வாரி அம்மை. ஒரு தெரு விடாமல் போட்டது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். நகராட்சி ஆட்கள் சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டு போனார்கள். வேப்பிலையும் கையுமாகப் பிள்ளையைத் தூக்கி வந்தால் பஸ் கண்டக்டர் ஏற்ற மாட்டான். எங்கள் தெருவில் யாருக்கும் இல்லாமல் இருந்தது. ஐப்பசி முதல் வாரத்தில் என் மகளுக்கு உடம்பெல்லாம் சிவந்தது.

நிலையில் வேப்பிலை கட்டினேன். கட்டினால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஆத்தா உள்ளே இருக்கிறாள், யாரும் வரக் கூடாது, இந்த வீட்டு ஆளும் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. பிள்ளைக்கு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் அடுப்பில் தாளிப்புச் சத்தம் கேட்கக் கூடாது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் பின்வாசல் வழியாக மில்லுக்குப் போய் வந்தார். மடவார் வளாகத்திலிருந்து அம்மா பூக்காரர் மூலம் சொல்லி விட்டாள். அண்ணன் வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறது, மூணு தண்ணி ஊற்றுகிற வரைக்கும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று. அம்மா சொன்னது சரிதான். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அதே வாரம் மதினி செட்டியார்பட்டியில் கட்டிக் கொடுத்த மகளைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். ஏழாம் மாசம், வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையல். ஒட்டு வீட்டில் அம்மை என்றதும் அவளை முன்வாசலுக்கே விடவில்லை. ஆனால் எனக்குச் செய்வதில் குறை வைக்கவில்லை. தினமும் இளநீரும் கம்பங்கூழும் எங்கள் பின்வாசல் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "எடுத்துக்கோட்டி" என்று சத்தம் கொடுப்பாள். நான் எடுத்த பிறகுதான் போவாள்.

இரண்டாம் தண்ணீர் ஊற்றவேண்டிய நாளுக்கு முன்னால் மழை பிடித்தது. தூத்துக்குடிப் பக்கம் புயல் கரை ஏறப் போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலையில் மலையே தெரியவில்லை. ஒரு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கண்மாய்க்குக் கீழே இருக்கிற தெருக்காரர்கள் எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று அறிவித்தார்கள்.

அப்போது எங்கள் வீட்டுக்காரர் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வேலைக்கு ஆள் வராததால் அன்றைக்கு அவருக்கு டபுள் ஷிப்டு.

"என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"மதினி என்ன சொல்லுதாவளோ அதைச் செய்யி. அவியளுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

மதினி வீட்டு வாசலில் தெருப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நான் என் ஜன்னலில் நின்று கேட்டேன். படி தாண்ட முடியாதல்லவா. போவதா இருப்பதா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். போன தடவை பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தபோது இரண்டு சேலை களவு போனது என்றாள் ஒருத்தி. கோழியை என்ன செய்வது என்றாள் இன்னொருத்தி. எதிர்வீட்டுக்காரிதான் எல்லார் மனதிலும் இருந்ததைச் சொன்னாள்.

"நாலு தெரு ஆளு அங்க வந்து அடையும். எவ வீட்ல அம்மை இருக்கு, எவ மறைச்சுக் கொண்டாருதான்னு யாருக்குத் தெரியும்? தண்ணி வந்தா ஓடிக்கிடலாம். அம்மை வந்தா எங்க ஓட?"

எல்லாரும் மதினி முகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"சும்மா பேசிக்கிட்டு இருந்தா ஆகுமா? நான் போயிக் கலுங்கைப் பாத்துட்டு வாரேன். பொறவு சொல்லுதேன்" என்றாள். சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் போனாள்.

கலுங்கு என்றால் கண்மாய் நிறைந்தால் மிஞ்சின தண்ணீர் வழிந்து போகிற இடம். கலுங்கு பாய்ந்தால் கரை நிற்கும், கலுங்கு அடைத்தால் கரை போகும். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. மைக் சொன்னதை விட, ரேடியோ சொன்னதை விட, கலுங்கைப் பார்த்துவிட்டு வருகிற ஆளின் வார்த்தைதான் எங்களுக்குப் பெரிது. அந்த ஆள் எப்போதும் மதினிதான்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். நேரே என் ஜன்னலுக்கு வந்தாள். தள்ளி நின்றாள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கலுங்கு ஜம்முனு பாயுது. ஒண்ணும் பயமில்ல. யாரும் போகலை" என்றாள்.

"அப்ப நான் இருக்கட்டுமா மதினி?"

"இந்த மழையில பிள்ளையத் தூக்கிட்டு எங்க போவ? ஆத்தா இருக்கிற உடம்புல ஈரம் படலாமா? நான் வீட்லதான் இருக்கேன். ஏதாச்சும்னா சுவத்தைத் தட்டு, ஓடி வந்துருதேன். நான் இருக்கேன்ல, நீ ஏன் மருகுத?"

நான் மருகவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளை பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. விவசாயிகளுக்கு ஏதோ சொன்னார்கள், பிறகு பாட்டு, பிறகு செய்தி, பிறகும் பாட்டு. மதினி மகளுக்குப் பாட்டென்றால் உயிர். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தைரியமாக இருந்தது. பிள்ளை காது வலிக்கிறது என்று முனகியது. "பெரியம்மா வீட்ல பாட்டு கேக்குது பாரு" என்று தட்டிக் கொடுத்தேன். "கேக்குது" என்றது.

மூன்று மணி இருக்கும். மழைச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் சேர்ந்தது. எழுந்து சுவரைத் தட்டினேன். பதில் இல்லை. ரேடியோ சத்தத்தில் கேட்கவில்லை போல என்று அம்மிக் குழவியை எடுத்துத் தட்டினேன். "மதினி, மதினி" என்று கத்தினேன். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் கதவுக்கு அடியில் செம்மண் தண்ணீர் நுழைகிறது, வைக்கோலும் எறும்புமாக.

பிள்ளையை உரச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டேன். வேப்பிலை கட்டிய நிலையைத் தாண்டினேன். ஆத்தா, மன்னிச்சிரு என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டேன். வெளியே முழங்காலுக்கு மேல் தண்ணீர். மதினி வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே ரேடியோ பாடுகிறது, வெளியே பூட்டு. எதிர்வீட்டில் பூட்டு. அடுத்த வீட்டில் பூட்டு. எங்கள் வீடு தவிர ஏழு வீட்டிலும் பூட்டு. கோழியைக்கூடக் கூடையோடு கொண்டுபோயிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அது வழியாகப் போனால் எங்கள் ஜன்னலுக்குத் தெரியாது. ஏழு வீட்டு ஆட்களும் பேச்சுக் குரல் கேட்காமல், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சந்து வழியாகப் போயிருக்கிறார்கள். இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தண்ணீரில் நின்றபோது ஒன்றும் ஓடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன். தெருமுனையில் கால் வாரியது, பிள்ளையோடு ஒரு முங்கு முங்கி எழுந்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு போன யாரோ ஒருத்தர் என் கையைப் பிடித்து இழுத்து மேட்டில் விட்டார். அவர் முகம்கூட ஞாபகமில்லை. அவர் வேப்பிலையைப் பார்க்கவில்லை, பிள்ளை உடம்பில் சிவப்பைப் பார்க்கவில்லை, கையைத்தான் பிடித்தார்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் எங்கள் தெரு உட்கார்ந்திருந்தது. புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தர் கையும் வாய்க்குப் போகவில்லை. தெலுங்கு அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மதினிதான் எழுந்து வந்தாள். எட்டி நின்றாள்.

"வந்துட்டியா. இப்பத்தான் உனக்கு ஆளனுப்பணும்னு இருந்தேன்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஓடி வந்து பிள்ளையை வாங்கினார்கள்.

"ஏம்மா இப்படி நனைச்சுக் கொண்டுவாரிய? அம்மை போட்ட பிள்ளைகளுக்குத் தனி ரூம் ஒதுக்கியிருக்கோம், முதல்ல அவங்களைக் கூட்டிட்டு வாங்கன்னு காலையிலேயே உங்க தெருவுக்குச் சொல்லி அனுப்பினேனே. யாரும் சொல்லலையா?"

"யார்ட்ட சொன்னீங்க?" என்றேன்.

நர்ஸம்மா மதினியைக் கை காட்டினார்கள். "இந்தம்மாதான் வந்து கேட்டுட்டுப் போனாங்க."

கலுங்கைப் பார்க்கப் போனவள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கிறாள். கலுங்கில் என்ன பார்த்தாள் என்பதையும் அங்கேயே தெரிந்துகொண்டேன். ஆகாயத்தாமரை மொத்தமும் வந்து அடைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் வழியாமல் காலையிலேயே கரை கசிய ஆரம்பித்துவிட்டது என்று நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி ரூமில் ஏற்கெனவே அம்மை போட்ட மூன்று பிள்ளைகள் காய்ந்த பாயில் படுத்திருந்தன. என் பிள்ளையை நாலாவதாகப் படுக்க வைத்தேன். மதினி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஏன் மதினி?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்கிட்டச் சொன்னா நீ வந்திருப்ப."

"தனி ரூம் இருக்குல்ல?"

"ரூம் தனி. கொழா ஒண்ணுதான, கக்கூஸ் ஒண்ணுதான. என் மக வயித்துல ஏழு மாசம். தெருவுல பதினோரு பிள்ளைக இருக்கு. நான் யாரைப் பாக்க? அம்புட்டுத் தண்ணி வராதுன்னு நினைச்சேன். சாயங்காலம் வந்து உன்னையப் பாத்துக்கிடலாம்னு இருந்தேன்."

"ரேடியோ?"

அதற்கு அவள் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"நீ ஒத்தையில கிடந்து பயந்துரக் கூடாதுல்லா. அதான் போட்டுட்டு வந்தேன்" என்றாள்.

நெசமாகவே அதைக் கரிசனம் என்று நினைத்துத்தான் சொன்னாள். மதினி சொன்ன பொய்யைக்கூட ஒருநாள் பொறுத்திருப்பேன். ஏழு மாசப் பிள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் பயப்படுவாள், நானும் பயந்திருப்பேன். "நீ வராத, வந்தா எங்களுக்குப் பயமா இருக்கு" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லியிருந்தால் காலையிலேயே பிள்ளையை நனையாமல் போர்த்திக்கொண்டு வேறெங்காவது போயிருப்பேன். மில் வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன். போவதா இருப்பதா என்று முடிவெடுக்க எனக்கும் ஒரு தலை இருந்தது. அதை எனக்கில்லாமல் செய்துவிட்டாள்.

பிள்ளைக்கு அன்றைக்கே மார்ச்சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தோம். எங்கள் வீட்டுக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்து, "மதினி இப்படிச் செய்வாவளா" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த மதினி தினமும் காலையில் இட்லி கொண்டுவந்து கேட்டில் ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் தின்றேன். பசி, என்ன செய்ய. தின்றுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல் கொடுத்து அனுப்பினேன். என்னால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த மறுநாள் வாசலில் விட்டு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். மில் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரிக்கிற பிள்ளை மண்ணைக் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தட்டைக் கீழே போட்டேன். திரும்பவே இல்லை. மதுரையில் காட்டினோம். இரண்டு காதும் போய்விட்டது என்றார்கள். அம்மையாலா, அன்றைக்குப் பட்ட ஈரத்தாலா என்று கேட்டேன். அது எங்களால் சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டர்.

அந்த ஒரு வார்த்தை மதினிக்குப் போதுமானதாக இருந்தது. தெருவில் எல்லாரிடமும், "ஆத்தா வந்து குடுத்துட்டும் போவா, எடுத்துட்டும் போவா. நம்ம கையிலயா இருக்கு" என்றாள். எட்டு வீட்டில் ஏழு வீடு தலையை ஆட்டியது. செய்ததெல்லாம் இவர்கள், பழி ஆத்தா தலையில்.

நான் யாரிடமும் சண்டை போடவில்லை. வேறு வீடு பார்க்கக் கையில் வசதியில்லை. ஒரே சுவர், ஒரே தெரு. பார்த்தால் பேசுவேன், கேட்டால் பதில் சொல்லுவேன். வாங்க போங்க கூட மாறவில்லை. அரிசி மட்டும் என் கை அளவுக்குப் போட்டேன், மிஞ்சினாலும் குறைந்தாலும்.

தை மாசம் மதினி மகளுக்கு வலி கண்ட வேகத்தில் ஆட்டோ வருவதற்குள் வீட்டிலேயே ஆண் பிள்ளை பிறந்துவிட்டது. அதே நர்ஸம்மாதான் வந்து கொடி அறுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். சுவர் வழியாகப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. நல்ல கணீரென்ற சத்தம். என் மகள் சுவரோரம் உட்கார்ந்து புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மதினி என் முன்வாசலுக்கு வந்தாள். கையில் சின்னக் கிண்ணம், அதில் சீனித்தண்ணீர். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளை நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"நீதான் வந்து சேனை வைக்கணும்" என்றாள். "எட்டு வீட்டையும் யோசிச்சுப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். உன் மாதிரிப் பொறுமை யாருக்கும் கிடையாது. என் பேரனுக்கு உன் குணம் வரட்டும்."

மன்னித்துக்கொள் என்கிற வார்த்தை அவள் வாயில் வராது. அதற்குப் பதிலாக அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் மன்னித்துவிட்டேன் என்பதையும் எனக்காக அவளே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

"நீங்களே வைங்க மதினி" என்றேன். "உங்க குணமே வரட்டும் பிள்ளைக்கு."

யார் காதில் விழுந்தாலும் மரியாதையாகச் சொன்னதாகத்தான் இருக்கும். மதினிக்கு விளங்கியது. அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. கிண்ணம் சரிந்து சீனித்தண்ணீர் அவள் விரல் வழியாகப் படியில் சொட்டியது.

ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்ப யாரை வைக்கச் சொல்ல? நீயே சொல்லு."

அவள் நிற்கும்போதே கதவைச் சாத்தினேன்.